சூடா, குளிரா, மின்துடிப்பா: அப்லேஷனில் நரம்பு குறுக்கிடும்போது நமக்கு எது தோது?

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் யாருக்காவது ஏஎஃப், அதாவது இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பும் கோளாறு, என்று தெரிந்து, அப்லேஷன், அதாவது கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயத்துக்குள் விட்டுச் செய்யும் சிகிச்சை, செய்துகொள்ளுங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினால், அவர் வீடு வந்து சேர்வதற்குள் ஒரு கதை முந்திக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்திருக்கும்: 'அந்தத் தோட்டத்துக்காரருக்குச் செய்யும்போது மேசையிலேயே இதயம் நின்று போச்சாம்.' அதைக் கேட்டுப் பாதிப் பேர் மாத்திரையே போதும் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். மீதிப் பேர் 'புதுசா கரண்ட் வைத்துச் செய்கிறார்களாமே, அதில் இந்த வம்பு இல்லையாமே' என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் பல வருடம் இந்த மாதிரிச் சிகிச்சை நடக்கும் கேத் லேப்பில் நர்ஸாக இருந்தவள், ஓய்வுபெற்று ஊருக்கு வந்தபிறகு பசாரிலும் கோயிலிலும் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் இதுதான்.

மேசையில் இதயம் சில நொடி நிற்பது உண்மை, அது ஒரு நரம்பு எதிர்வினை. புது முறையில் அது வராது என்பது உண்மையில்லை. சூடு, குளிர், மின்துடிப்பு என்ற மூன்றில் எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்பதை இந்தப் பயத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது என்பது என் எண்ணம். அந்த நரம்பு எதிர்வினை எங்கே, எப்போது, எப்படி வரும் என்று தெரிந்துகொண்டால் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் தானாக வந்துவிடும்.

ஏஎஃப் என்பது இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் சும்மா நடுங்கிக்கொண்டிருப்பது. அந்த நடுக்கத்தைக் கிளப்பிவிடும் மின்பொறிகள் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சிரைகளின் வாய்க்குள்ளிருந்து வருகின்றன என்று 1998ல் பிரான்சின் போர்டோவில் மிஷேல் ஹைசகேர் குழுவினர் காட்டினார்கள். அன்றிலிருந்து ஏஎஃப் அப்லேஷன் என்றால் முக்கியமாக ஒரே வேலைதான். தொடை இடுக்கு வழியாகக் கத்தீட்டரை விட்டு இடது மேல் அறைக்குப் போய், அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றித் தழும்பு போட்டு, பொறி வெளியே வராமல் அடைப்பது. ஆனால் அதே சிரைவாய்களை ஒட்டி, இதயத்தின் வெளிப்புறக் கொழுப்புத் திட்டுகளுக்குள் நரம்பு முடிச்சுகள் இருக்கின்றன. 'மெதுவாகத் துடி' என்று வேகஸ் நரம்பு இதயத்துக்குச் சொல்வது அந்த முடிச்சுகள் வழியாகத்தான் போகிறது. சிரைவாயில் கை வைத்தால் முடிச்சும் சீண்டப்படும், சீண்டப்பட்டதும் துடிப்பு இறங்கும், அதோடு பிரஷரும் இறங்கும்.

இடது மேல் சிரைப் பக்கம் டாக்டர் சூடு வைக்கத் தொடங்குகிறார். மானிட்டரின் பீப் சத்தம் சீராகப் போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று இரண்டு பீப்புக்கு நடுவே இடைவெளி நீள்கிறது, இன்னும் நீள்கிறது, அப்புறம் சத்தமே இல்லை. அறையில் யாரும் ஓடமாட்டார்கள். டாக்டர் சூட்டை இயக்கும் பெடலிலிருந்து காலை எடுக்கிறார், பக்கத்தில் இருப்பவர் ஏற்கனவே இதயத்துக்குள் வைத்திருக்கும் கம்பி வழியாகப் பேஸிங், அதாவது இதயத்தைத் துடிக்கவைக்கும் சிறு மின்தட்டு, கொடுக்கிறார், தேவைப்பட்டால் நர்ஸ் துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் மருந்தை ஏற்றுகிறார். சில நொடியில் துடிப்பு திரும்பிவிடும். வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்கு இதை 'நடுவில் துடிப்பு கொஞ்சம் நின்றது, உடனே சரிசெய்துவிட்டோம்' என்று யாராவது சொல்வார்கள், அது தோட்டத்துக்கு வந்து சேரும்போது ஒரு மரணச் செய்தி மாதிரி ஆகிவிடும்.

இது வந்தால் சிகிச்சை கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. 2004ல் இத்தாலியில் கார்லோ பப்போனே குழுவினர் வெளியிட்ட ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த எதிர்வினை வந்தது. அது வந்த இடங்களில் இனிமேல் வராத அளவுக்கு முழுதாகச் சூடு வைக்கப்பட்டவர்களுக்கு ஏஎஃப் திரும்புவது குறைவாகவே இருந்தது. உடனே நரம்பு முடிச்சுகளையே தேடித்தேடிச் சுடலாமே என்று ஒரு ஆர்வம் கிளம்பியது. ஆனால் 2016ல் நெதர்லாந்திலிருந்து வந்த ஆஃபாக்ட் ஆய்வில், முற்றிய ஏஎஃப் உள்ளவர்களுக்கு அறுவை சிகிச்சையோடு முடிச்சுகளையும் சுட்டுப் பார்த்ததில் கூடுதல் பலன் கிடைக்கவில்லை, சிக்கல்தான் கூடியது. அதனால் 'நாங்கள் நரம்பையும் சேர்த்துச் செய்கிறோம்' என்று யாராவது சொன்னால் அதற்காகவே அந்த ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பேன்.

மாத்திரையா, அப்லேஷனா என்பதை முதலில் முடித்துவிடுவோம். அப்லேஷன் பயத்தில் மாத்திரைப் பக்கம் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிலருக்கு ஏஎஃப் இரவு தூக்கத்திலும், வயிறு முட்டச் சாப்பிட்டபின்பும், ஓடியாடி ஓய்ந்து உட்காரும்போதும் வரும். அதாவது வேகஸ் நரம்பின் கை ஓங்கியிருக்கும் நேரத்தில். இதைப் பிரெஞ்சு மருத்துவர் பிலிப் குமெல் வெகுநாள் முன்பே விவரித்திருக்கிறார். இப்படிப்பட்டவர்களுக்குப் பிசோப்ரோலால், மெட்டோப்ரோலால் மாதிரியான, துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகள் சில சமயம் நிலைமையைக் கூட்டிவிடும். 'மாத்திரை போட்டும் இரவில் படபடப்பு நிற்கவில்லை' என்றால் எந்த நேரத்தில் வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள், மருந்தை மாற்றுவதற்கு அந்த நோட்டு பெரிய உதவி. ஆனால் நீங்களாக மாத்திரையை நிறுத்தக்கூடாது. 2020ல் வந்த ஈஸ்ட் ஆய்வு ஏஎஃப் கண்டுபிடித்த ஒரு வருடத்துக்குள் துடிப்பை ஒழுங்குக்குக் கொண்டுவந்தால் பக்கவாதமும் இதய மரணமும் குறையும் என்று காட்டியது. அதில் பெரும்பாலானவர்கள் மருந்தால்தான் ஒழுங்குபடுத்தப்பட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆக, மாத்திரை இழிவான வழி இல்லை. ஒன்றுமே செய்யாமல் வருடக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் நஷ்டம்.

சரி, அப்லேஷன் என்று முடிவாகிவிட்டது. மூன்று முறைகள்.

சூடு, அதாவது ரேடியோ அலை முறை, பழையது, நிறைய டாக்டர்களின் கை பழகியது. புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போவதால் நேரம் அதிகம் பிடிக்கும். நரம்பு எதிர்வினை சூடு வைத்துக்கொண்டிருக்கும்போதே வரும், அதனால் உடனே நிறுத்தவும் முடியும், சில மில்லிமீட்டர் நகர்ந்து மறுபடி தொடங்கவும் முடியும். இந்தக் கட்டுப்பாடு இதன் பெரிய பலம். ஏஎஃப் கூடவே ஃபிளட்டர் என்ற இன்னொரு கோளாறும் இருந்தால் அதையும் அதே கத்தீட்டரால் முடித்துவிடலாம். பலவீனம், சூடு வலிக்கும், அந்த வலியே தனியாக ஒரு மயக்க அனிச்சையைக் கிளப்பும். கத்தீட்டர் நுனியைக் குளிர்விக்க உப்புநீர் ஓடிக்கொண்டே இருப்பதால் இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் உடம்பில் நீர் சேரும். உணவுக்குழாய் இடது மேல் அறைக்கு நேர் பின்னால் இருப்பதால் அதன் வெப்பத்தையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

குளிர் முறையில் ஒரு சிறு பலூனைச் சிரைவாயில் பொருத்தி உள்ளே வாயுவைச் செலுத்தி உறையவைப்பார்கள், மைனஸ் 40 முதல் 60 டிகிரி வரை இறங்கும், ஒரு தடவைக்கு மூன்று நான்கு நிமிடம். உறையும்போது பெரும்பாலும் எதுவும் நடக்காது. பலூன் சூடாகிப் பிரியும்போதுதான் துடிப்பு இறங்கும், ஐஸில் மரத்துப்போன விரல் சூடேறும்போது குத்துமே, அந்த மாதிரி நரம்பு விழித்துக்கொள்ளும் நேரம் அது. வலது மேல் சிரையை முதலில் செய்தால் இந்த எதிர்வினை குறைகிறது என்று பல குழுக்கள் கண்டிருக்கின்றன. ஆனால் குளிர் முறையில் நான் அதிகம் கவனிக்கச் சொல்வது வேகஸை அல்ல, ஃபிரெனிக் நரம்பை. அது உதரவிதானத்தை, அதாவது மூச்சிழுக்கும் பெரிய தசையை, இயக்குகிறது. வலது சிரைகளுக்கு மிக அருகில் ஓடுகிறது. அதனால் வலது பக்கம் உறையவைக்கும்போது அந்த நரம்பை மின்சாரத்தால் தட்டிக்கொண்டே ஒருவர் நோயாளியின் விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்திருப்பார். ஒவ்வொரு தட்டுக்கும் வயிறு கையை எக்கித் தள்ளும். அந்தத் தள்ளல் லேசாகத் தளர்ந்தாலே 'நிறுத்துங்கள்' என்று குரல் கொடுக்க வேண்டும், கொடுத்த நொடியில் உறைதல் நிற்கும். இந்த வேலையை நான் செய்திருக்கிறேன், மூன்று நிமிடம் கண்ணைக்கூட அசைக்கத் தோன்றாது.

2016ல் வெளிவந்த ஃபயர் அண்ட் ஐஸ் ஆய்வில் சூடும் குளிரும் பலனில் சமம் என்று வந்தது. குளிர் முறையில் 2.7 சதவீதம் பேருக்கு ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது ஃபிரெனிக் நரம்பு பாதிப்பு இருந்தது, பெரும்பாலும் மாதங்களில் சரியாகிவிட்டது. மாதங்களில் சரியாகும் என்பது மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குச் சின்ன விஷயம். செம்பனைத் தோட்டத்தில் நீளக் கம்பில் அரிவாள் கட்டி அண்ணாந்து குலை வெட்டுகிறவருக்கு அந்த மாதங்கள் சம்பளம் இல்லாத மாதங்கள். ஏற்கனவே ஆஸ்துமா, புகையால் கெட்ட நுரையீரல் என்று இருந்தாலும் அப்படித்தான். இதை டாக்டர் தானாக யோசிக்கமாட்டார், அவருக்கு நம் வேலை என்னவென்று தெரியாது, நாம்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

மின்துடிப்பு முறைதான் புதியது. ஐரோப்பாவில் 2021லும் அமெரிக்காவில் 2023 கடைசி, 2024 தொடக்கத்திலும் அங்கீகாரம் கிடைத்தது. நொடியில் மிகச் சிறு பகுதிக்கு அதிக வோல்ட்டேஜ் கொடுத்து இதயத்தசைச் செல்களின் சுவரில் துளை போடுகிறது. இதயத்தசை மற்றத் திசுக்களைவிடச் சீக்கிரம் இதற்கு மடிவதால் உணவுக்குழாயும் ஃபிரெனிக் நரம்பும் பெருமளவு தப்பிக்கின்றன. 2023ல் வந்த அட்வென்ட் ஆய்வில் பலன் பழைய முறைகளுக்குக் குறைவில்லை என்று தெரிந்தது. இதெல்லாம் நல்ல செய்தி.

ஆனால் வேகஸ் எதிர்வினை இதில் வராது என்பது தவறு. இடது சிரைகளில் முதல் சில மின்துடிப்புகளைக் கொடுத்தவுடனேயே அடிக்கடி வருகிறது, சூடு முறை மாதிரி மெதுவாக இறங்காமல் இதயத் துடிப்பு சட்டென்று இறங்குகிறது, அதே வேகத்தில் மீண்டுவிடுகிறது. அதனால்தான் பல இடங்களில் முன்கூட்டியே அட்ரோபின் அல்லது கிளைக்கோபைரோலேட் கொடுத்துவிடுகிறார்கள், இல்லையென்றால் பேஸிங் கம்பியைத் தயாராக வைத்திருப்பார்கள். கூடவே உடம்பு தூக்கிப்போடும், இருமல் வரும், அதனால் அரைமயக்கத்தில் செய்தால் நோயாளிக்குக் கஷ்டம். இதயத்தின் சொந்த ரத்தக்குழாய்க்கு அருகில் மின்துடிப்பு கொடுத்தால் அந்தக் குழாய் சுருங்கிக்கொள்வதும் உண்டு, அதற்குக் குழாயை விரிக்கும் நைட்ரோகிளிசரின் கொடுப்பார்கள். நிறையத் தடவை கொடுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுத்துப் போவதும், சிறுநீரகம் அடிபடுவதும் நடந்திருக்கிறது. நம் ஊரில் இனிப்பு நீர் இல்லாத வீடு குறைவு, அதனால் சிறுநீரக ரிசல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். போதுமான நீர் ஏற்றித்தான் செய்வார்கள், ஆனாலும் நீங்கள் சொன்னால் எத்தனை தடவை கொடுப்பது என்பதிலேயே கவனமாக இருப்பார்கள்.

உண்மையில் நரம்பு எதிர்வினை எவ்வளவு தொல்லை தரும் என்பதை முறையைவிட மயக்க மருந்து அதிகம் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறேன், இதைப்பற்றி யாரும் கேட்பதே இல்லை. தூக்கத்துக்கு மிடாசோலம், வலிக்கு ஃபென்டனில் மட்டும் கொடுத்து அரைத்தூக்கத்தில் செய்தால், வலி ஒரு பக்கம் அனிச்சையைக் கிளப்பும், துடிப்பு இறங்கும் அந்த நொடிகளை நோயாளியே உணர்வார். குமட்டல், குப்பென்று வியர்வை, ஏதோ முடிந்துபோகிறது என்ற பயம். வெளியே வந்து 'செத்துப் பிழைத்தேன்' என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. முழு மயக்கத்தில் வலியால் வரும் பகுதி போய்விடும், முடிச்சை நேரடியாகச் சீண்டுவதால் வரும் பகுதி மட்டும் மிஞ்சும், அதை அவர் உணரமாட்டார். பதிலுக்குப் புரோபோஃபால் மாதிரியான மருந்துகள் தாமாகவே பிரஷரை இறக்கும், மயக்க மருந்து டாக்டர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். குறட்டை விட்டுத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆழ்ந்த மயக்கத்துக்கு ஏற்பாடு உள்ள இடமும் இல்லாத இடமும் என்று இரண்டு கிடைத்தால், முறை எதுவானாலும் நான் முதலாவதற்குத்தான் அனுப்புவேன்.

அட்ரோபின் பற்றியும் ஒரு வார்த்தை. வேகஸின் தூதாக வரும் அசிடைல்கோலினை அது இதயத்தில் தடுக்கிறது, ஆனால் உடம்பில் மற்ற இடத்திலும் தடுக்கும். வாய் காய்ந்துபோகும். புரோஸ்டேட் பெருத்த ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். சில வகை கண் அழுத்த நோயைக் கிளப்பிவிடும். நம் அப்பா, மாமா வயதுக்காரர்கள் இதயத்துக்காகப் போகிற இடத்தில் மூத்திரப் பிரச்சினையைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். கூடப் போகிற பிள்ளைகள் ஃபாரத்தில் எழுதிவிடுங்கள்.

எல்லாம் முடிந்து வார்டுக்கு வந்தபின்பும் ஒரு தடவை இந்த அனிச்சை வரலாம். தொடை இடுக்கிலிருந்து குழாயை உருவி ரத்தம் நிற்க அழுத்திப் பிடிக்கும்போது, அந்த வலியிலும் அழுத்தத்திலும் துடிப்பும் பிரஷரும் சேர்ந்து இறங்கும். நிரம்பிய சிறுநீர்ப்பை அதைக் கூட்டும். காலை உயர்த்தி, நீர் ஏற்றி, தேவையானால் அட்ரோபின் கொடுத்தால் தெளிந்துவிடும். பிரஷர் இறங்கினாலே வேகஸ்தான் என்று எந்த நல்ல குழுவும் முடிவு கட்டாது. இதயத்தைச் சுற்றி ரத்தம் கசிந்து தேங்கினாலும் பிரஷர் இறங்கும், அப்போது பெரும்பாலும் துடிப்பு ஏறும், ஆனால் எப்போதும் அப்படி இல்லை. அதனால் எக்கோ மிஷினை வைத்து உடனே பார்ப்பார்கள். 'துடிப்பு நிற்பதைவிடப் பயப்பட வேண்டியது வேறு ஏதாவது இருக்கிறதா' என்று என்னைக் கேட்டால், ஆமாம், அந்தக் கசிவுதான். டாக்டரைப் பார்க்கும்போது அதைப்பற்றிக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் சூடு, குளிர் முறைக்காரர்களுக்கு ஓய்வில் துடிப்பு முன்னைவிடப் பத்துப் பதினைந்து கூடியிருக்கும், மாதக்கணக்கில் நீடிக்கலாம். மெதுவாகப் போ என்று சொல்லும் முடிச்சுகள் அடிபட்டதால் வருவது, பெரும்பாலும் தீங்கில்லை. மின்துடிப்பில் முடிச்சுகள் சீக்கிரம் தேறிவிடுவதால் இது குறைவு. சிலருக்குக் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்து உப்பிக்கொள்ளும், உணவுக்குழாயை ஒட்டிப்போகும் வேகஸ் கிளை சூடுபட்டதால் இரைப்பை மெதுவாகக் காலியாவதுதான் காரணம். இதுவும் பெரும்பாலும் தேறிவிடும்.

ஒன்று மட்டும் தேறாது. சூடு அல்லது குளிர் வைத்து ஒன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள், சில சமயம் அதற்குப் பிறகும், காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, கைகால் வலுவிழப்பு இவற்றில் எது வந்தாலும் உணவுக்குழாய்க்கும் இதயத்துக்கும் நடுவில் ஓட்டை விழுந்திருக்கலாம். மிக அரிது, ஆனால் வந்தால் உயிர்ப் பிரச்சினை. நம் ஊரில் காய்ச்சல் என்றால் உடனே டெங்கிக்குத்தான் ரத்தம் எடுப்பார்கள், பெனடால் கொடுத்து அனுப்புவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கிளினிக்கில் நுழைந்தவுடன் 'எனக்கு இதய அப்லேஷன் செய்திருக்கிறது, இந்தத் தேதி' என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இந்தச் சந்தேகம் இருக்கும்போது வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கக்கூடாது, நெஞ்சுக்குச் சிடி ஸ்கேன்தான் எடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் கடிதத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தால் ஈப்போவில் அவசரப் பிரிவில் நிற்கும்போது அதுவே உங்களுக்காகப் பேசும். ரத்தத்தை இளக்கும் மருந்தைக் குறைந்தது இரண்டு மாதம் விடவே கூடாது, அதற்கப்புறமும் வயது, இனிப்பு நீர், பிரஷர் இவற்றைக் கணக்குப் பார்த்துத்தான் டாக்டர் நிறுத்துவார், துடிப்பு சரியாகிவிட்டது என்பதற்காக இல்லை.

இனி என் தீர்ப்பு. அறுபது தாண்டியவர், வந்து வந்து போகும் ஏஎஃப், நுரையீரல் சுமார், உடல் உழைப்பு வேலை: மின்துடிப்பு கிடைத்தால் அதையே கேட்பேன், ஆழ்ந்த மயக்கத்தோடு. சிறுநீரகம் ஏற்கனவே மோசம் என்றால் கொஞ்சம் யோசிப்பேன், குளிர் முறையை நன்றாகப் பழகிய இடம் அவருக்கு நல்லது. ஃபிளட்டரும் சேர்ந்து இருக்கிறது, அல்லது ஒருமுறை செய்து மறுபடி வந்துவிட்டது என்றால், இடம் பார்த்து வைக்கக்கூடிய சூடு முறைக்காரரிடம் போகலாம். இரவில், சாப்பாட்டுக்குப் பின் மட்டும் எப்போதாவது வந்து போகிற இளவயதுக்காரர் முதலில் மருந்தை மாற்றிப் பார்க்கட்டும், இரவுச் சாப்பாட்டைக் குறைத்து, குடிப்பழக்கம் இருந்தால் அதை விட்டுப் பார்க்கட்டும்.

புது முறைக்காகவே காத்திருக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: எந்த ஆஸ்பத்திரியில் எது இருக்கிறது என்பது வருடத்துக்கு வருடம் மாறுகிறது. கோலாலம்பூரில் தேசிய இதய ஆஸ்பத்திரியான ஐஜேஎன்னோ, பினாங்கோ, எங்கே பரிந்துரைக் கடிதம் போகிறதோ அந்த இடத்துக்குப் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள்: நீங்கள் அதிகம் செய்யும் முறை எது, மயக்க மருந்து டாக்டர் கூட இருப்பாரா, எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும். மெடிக்கல் கார்டு இருப்பவர்கள் அது எந்தக் கருவிக்கு எவ்வளவு வெள்ளி கொடுக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கை பழகிய குழு அடுத்த இரண்டு மாதத்தில் சூடோ குளிரோ செய்யத் தயார், மின்துடிப்புக்கு ஒன்றரை வருடம் என்று பதில் வந்தால், நான் அந்த இரண்டு மாதத் தேதியைத்தான் வாங்குவேன்.